அரக்கான் கரையும் சரியும் கடலடியும்

(ரங்கூனில் தமிழ் இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

2025 மார்ச் 28 அன்று மாந்தலே ஆடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அது சகாய்ங் பிளவில் நிலம் பக்கவாட்டில் நழுவியதால் வந்தது. நான் இன்று பேச வந்தது பர்மாவின் மேற்கே இருக்கும் அரக்கான் கரையைப் பற்றி. அங்கே நடப்பது வேறு. இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமக்கும் பெரிய பாறை ஓடு, பர்மா நிலத்துக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது.

களத்தில் பலகை வைத்து நெல்லைத் தள்ளினால் முன்னால் குவிந்துகொண்டே போகுமல்லவா? அப்படித்தான் அந்தத் தட்டின் மேல் படிந்த சேறும் மணலும் சுரண்டப்பட்டுக் கரையோரம் குவிகின்றன. குவியல் செங்குத்தாகிவிட்டால் லேசாகத் தட்டினாலே சரியும். அதோடு, சேற்றுக்குள் அகப்பட்ட நீரும் வாயுவும் வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அரக்கான் கரையோர ராம்ரீ, செதுபா தீவுகளில் சேற்று எரிமலை பொங்குகிறதே, அது இந்த அழுத்தத்தின் வேலை. அழுத்தம் ஏற ஏற மண் அடுக்குகளின் பிடிப்பு தளரும். அப்புறம் ஒரு பெரிய நடுக்கம் வந்தால், கடலடி நிலம் தன் எடையாலேயே கீழே இறங்கி, மேலே இருக்கும் நீரைப் பேரலையாகக் கிளப்பிவிடும். நியூசிலாந்தின் ருவட்டோரியா அருகே, ஏறக்குறைய 1,70,000 ஆண்டுகளுக்கு முன், 3,000 கன கிலோமீட்டர் அளவுக்கு இப்படிச் சரிந்திருக்கிறது.

நம் காலத்துக்கு வருவோம். 1964 மார்ச் 27, அலாஸ்காவில் 9.2 அளவு நடுக்கம். வால்டீஸ் என்ற சிற்றூர் ஆறு கொண்டுவந்த மண்ணின் மேல் கட்டப்பட்டிருந்தது. துறையில் அப்போது ஒரு சரக்குக் கப்பல் நின்றிருந்தது. சரக்கு இறக்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் எல்லோரும் துறைமேடையில். நிலம் ஆடிய சில நிமிடங்களில் கரையின் முகப்பே துறையோடு சேர்ந்து கடலுக்குள் போனது. அங்கிருந்த சுமார் முப்பது பேரும் போனார்கள். கப்பல் தப்பியது. பிறகு ஊரையே சில கிலோமீட்டர் தள்ளி, கெட்டியான நிலத்துக்கு மாற்றினார்கள். அந்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பிறந்த மண்ணை விட்டு எழுந்து போவது லேசா என்ன? நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும்.

என்னை அதிகம் கலங்க வைப்பது பப்புவா நியூ கினியின் ஐடாப்பே. 1998 ஜூலை 17 மாலை, 7.0 அளவு நடுக்கம்தான். அந்த அளவுக்குப் பேரலை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சிசானோ காயலுக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டில் குடியிருந்தார்கள் ஜனங்கள். அந்தக் காயலே 1907 நடுக்கத்தில் நிலம் தாழ்ந்து உண்டானது. 15 மீட்டர் வரை உயர்ந்த அலை வந்து 2,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. பின்னால் கப்பலில் போய் ஆராய்ந்தவர்கள் கடலடியில் பெரிய சரிவைக் கண்டார்கள். நடுக்கம் வந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆன பிறகே அது சரிந்தது என்பது அவர்கள் கணிப்பு. ஆட்டம் நின்றுவிட்டது என்று மூச்சு விட்டிருப்பார்கள், பாவம்.

நம் கரைக்கும் பழைய கணக்கு உண்டு. 1762 ஏப்ரல் 2 நடுக்கத்தில் செதுபாவின் கரை பல அடி மேலே எழுந்தது. சிட்டகாங் பக்கம் நிலம் தாழ்ந்தது. கடலுக்கு எட்டாத உயரத்தில், சிப்பி ஒட்டிய பாறைகள் செதுபாவில் இருக்கின்றன. அந்த நடுக்கம் திரும்ப வராது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

ரங்கூன் கடலை விட்டு உள்ளே இருக்கிறது. இங்கே கவலை கட்டடங்களைப் பற்றித்தான். ஆனால் லீவு விட்டால் குடும்பத்தோடு சாங்தா, ங்வேசாங் கடற்கரைகளுக்குப் போகிறோம். அரக்கான் கரையில் இருக்கும் அக்யாபில், அதாவது சிட்வேயில், உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். கடற்கரையில் நிற்கும்போது நிலம் நீண்ட நேரம் ஆடினால் சங்கு ஊதட்டும், போனில் செய்தி வரட்டும் என்று நிற்காதீர்கள். கரை அருகே கடலடி சரிந்தால் அலை அந்தச் செய்தியை முந்திவிடும். ஆட்டம் நின்றதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். அக்யாப் மாதிரித் தட்டையான ஊரில் மேடு கிடைக்காவிட்டால், உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுங்கள். ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தாலும், செருப்பை எடுக்க, வண்டியை எடுக்க என்று இறங்கி வராதீர்கள். முதல் அலையைவிட அடுத்தது பெரிதாக வந்ததும் உண்டு.