பழைய டிவிடி ரைட்டரை மாற்ற வேண்டுமா?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் பழைய 8எக்ஸ் டிவிடி ரைட்டர் இருக்கிறது. சில சமயம் டிஸ்க் பாதியில் நின்று வீணாகிவிடுகிறது. 24எக்ஸ் ரைட்டர் வாங்கிவிடலாமா?"

வேகத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.38 எம்பி. இந்த வேகத்தில் 4.7 ஜிபி டிஸ்க் நிரம்ப ஏறக்குறைய 57 நிமிடம் ஆகும். 8எக்ஸில் எட்டு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். அப்படியானால் 24எக்ஸில் இரண்டரை நிமிடம்தானே என்று கணக்குப் போடத் தோன்றும். அதுதான் இல்லை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அந்த 24எக்ஸ், டிஸ்க்கின் வெளி விளிம்பில் மட்டும் எட்டும் வேகம். எழுதுவது உள்வட்டத்தில்தான் தொடங்குகிறது. அங்கே 10எக்ஸ் பக்கம்தான் இருக்கும். கடைசியில் உங்களுக்கு மிச்சமாவது மூன்று நான்கு நிமிடம். அதுவும் அந்த வேகத்தைத் தாங்குகிற நல்ல டிஸ்க் போட்டால்தான்.

சரி, டிஸ்க் வீணாவது வேறு விஷயம். முதலில் வேறு பிராண்டு டிஸ்க் ஒன்றைப் போட்டு, 4எக்ஸில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் குறியீடு ஒன்று பதிந்திருக்கும். லேசரை எவ்வளவு சக்தியோடு, எப்படி விட்டு விட்டு அடிக்க வேண்டும் என்பதை ரைட்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. உங்கள் ரைட்டருக்குப் பிறகு சந்தைக்கு வந்த டிஸ்க்கின் குறியீடு அதன் ஃபர்ம்வேரில், அதாவது டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், இருக்காது. அப்போது பொதுவான ஒரு முறையில் எழுதிப் பார்க்கும், தடுமாறும். தயாரிப்பாளர் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று இரண்டு முறை சரிபாருங்கள், தப்பானதைப் போட்டால் டிரைவ் போயே போய்விடும்.

மதர்போர்டோடு இணைக்கும் பழைய வகை, அகலமான ஐடிஇ கேபிளில் ஓடும் டிரைவ் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய சிஸ்டத்தில், பிழைகள் அடுக்கடுக்காக வந்தால் விண்டோஸ் டிரைவைத் தானாகவே, பிராசஸருக்கு வேலை வைக்காமல் டேட்டாவை அனுப்பும் வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து, பிராசஸரே எல்லாவற்றையும் அனுப்பும் மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். எழுதுவது ஆமை வேகத்துக்கு வந்துவிடும், பிராசஸரும் திணறும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்கெல்லாம் புது ரைட்டர் எதற்கு?

எப்போது மாற்றலாம்? சிடி நன்றாக எழுதுகிறது, எந்த டிவிடி போட்டாலும் தோற்கிறது என்றால் லேசர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று போனாலும் மற்றது ஓடும். இதைப் பழுது பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க் தேவைப்பட்டு உங்கள் ரைட்டர் அதை எழுதாது என்றாலும் மாற்றலாம். புதிய மதர்போர்டுகளில் ஐடிஇ இணைப்பே கிடையாது என்பதும் நியாயமான காரணம்தான்.

ப்ளூ-ரே ரைட்டருக்கே போய்விடலாமா என்றால், ஒரே டிஸ்க்கில் 25 ஜிபி, 50 ஜிபி என்று சேமித்து வைக்க வேண்டியது நிறைய இருப்பவர்கள் மட்டும் போகலாம். சோனி 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மற்றவர்களின் டிஸ்க் கிடைக்கிறது, ஆனால் சந்தை சுருங்கிக்கொண்டுதான் போகிறது.

எதை வாங்கினாலும் பழைய டிரைவை உடனே தூக்கிப் போடாதீர்கள். அதில் எழுதிய டிஸ்க்குகளைப் புதியதில் போட்டு முழுதாகப் படிக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த டிரைவ் சுமாராக எழுதிய டிஸ்க்கை, சில நேரம் அதே டிரைவ் மட்டும்தான் படிக்கும். அப்படி ஏதாவது இருந்தால் பழைய டிரைவிலேயே போட்டு ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.