மாடி வாடகை ஒரு உருண்டை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சிக்கனத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். அதற்கு ஏன் என்னைக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நான் அஞ்சலகத்தில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்புப் பணத்தை, மற்றவர்களுக்காகக் கட்டுகிற மகளிர் முகவர். தெருத்தெருவாகப் போய், வீட்டுக்காரம்மாக்களிடம் மாதத் தவணையை வாங்கி, அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அஞ்சலகத்தில் கொண்டுபோய்க் கட்டுகிற வேலை. 1972-லிருந்து இருக்கிற முகவர் திட்டம். சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம், சத்துவாச்சாரி, பாலாற்றுப் பாலம் தாண்டிக் காந்தி நகர் என்று என் வட்டம். சைதாப்பேட்டை என்றதும் சென்னையை நினைத்துக்கொள்ளாதீர்கள், நம்ம வேலூர் சைதாப்பேட்டை.

இந்த வேலையில் ஒரு வசதி, வாசலோடு நிற்க வேண்டியதில்லை. நேரே அடுப்படி வரைக்கும் போகலாம். ஏனென்றால் ஆர்.டி. பணம் பல வீட்டில் பீரோவில் இருக்காது. கடுகு டப்பாவிலோ பருப்பு டப்பாவிலோ இருக்கும். நான் கட்டுகிற நோட்டில் சில சமயம் பெருங்காய வாசனை அடிக்கும். கவுண்டரில் எண்ணுகிறவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இன்றைக்கு மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வடகம், புளி, கரண்ட் பில். தண்ணீரும் இருக்கிறது, நேரம் இருந்தால் பார்க்கலாம்.

முதலில் வடகம். வடகம் என்றால் எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுகிற அரிசி வடகத்தைச் சொல்லவில்லை. நம் வட ஆற்காட்டுப் பக்கம் தாளிக்கப் போடுகிறோமே, அந்த வெங்காய வடகம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயம், பூண்டு இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் கலந்து ராத்திரி மூடி வைக்க வேண்டும். காலையில் சாறு விட்டிருக்கும். பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைப்பார்கள். சாயந்திரம் எடுத்து, அந்தச் சாற்றிலேயே மறுபடி போட்டுப் பிசைந்து மூடி, மறுநாள் திரும்பக் காய வைப்பார்கள். சாறு முழுக்க உள்ளே போன பிறகு விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து கடைசியாக உருட்டிக் கல்லு மாதிரி காயவிட்டால் வருஷம் தாங்கும், வண்டு கிட்டே வராது. காரக்குழம்புக்கோ கீரைக்கோ ஒரு சிட்டிகை கிள்ளி எண்ணெயில் போட்டால் தெருக்கோடி வரைக்கும் தெரியும்.

இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது? வெங்காய விலையில் இருக்கிறது. சின்ன வெங்காயம் ஒரு சமயம் கிலோ முப்பதுக்கு வரும், இன்னொரு சமயம் நூறைத் தாண்டும். விலை இறங்கி இருக்கிறபோது வாங்கி, நம் ஊரில் சும்மா கிடைக்கிற வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துவிட்டால், விலை ஏறுகிற மாதத்தில் வெங்காயக் கடைப் பக்கம் திரும்ப வேண்டாம். கடுகு தனி, சீரகம் தனி, பூண்டு தனி என்று தாளிக்கிற செலவும் அந்த உருண்டைக்குள்ளேயே அடங்கிவிடும்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டாம். மே மாதம் மத்தியானம் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராக வரும். ஆறு உண்டு தண்ணி இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று நம்மைக் கேலி செய்வார்கள். கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-ல் வந்துவிட்டார், ஜலகண்டேஸ்வரர், அந்தக் கேலி அதோடு போச்சு. வெயில் மட்டும் எப்போதும் இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இங்கே ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால் சைதாப்பேட்டையில் என்னைத் தெருவுக்குள்ளே விடமாட்டார்கள். அந்தத் தெருவில் ஆயா வீட்டு மாடிதான் உயரம். சுற்றி எந்த நிழலும் விழாது. காலை எட்டு மணியிலிருந்து சாயந்திரம் ஐந்து வரைக்கும் முழு வெயில். வீட்டில் கல் உரல் வேறு இருந்தது. சித்திரை பிறந்தால் தெருவே அங்கேதான். அவரவர் வெங்காயத்தை அவரவர் கொண்டுவருவார்கள். ஒரே உரலில் முறை வைத்து இடிப்பார்கள். மாடியில் பழைய வேட்டிகளை விரித்து, இது இன்னார் வீட்டு வடகம் என்று அடையாளத்துக்கு ஓரத்தில் ஒரு கரண்டியோ மூடியோ வைப்பார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளைகள் காவலுக்கு. காக்காய்க்கு இந்த வடகத்தில் அவ்வளவு ஆசை கிடையாது, பக்கத்தில் காய்கிற அரிசி வடகத்துக்குத்தான் காவல்.

நான் ஆர்.டி. பணம் வாங்கப் போனால் உடனே கிடைக்காது. "இன்னாம்மா அவசரம்? கைய கழுவிட்டு உக்காரு. பணம் எங்க ஓடிப்போவுது?" என்பார் ஆயா. உட்கார்ந்து நாலு உருண்டை பிடித்த பிறகுதான் டப்பா திறக்கும். என் கையெல்லாம் வெங்காய வாசனை, அடுத்த வீட்டுக்குப் போனால் நான் சொல்லாமலே எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்துவிடும்.

ஆயா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மாடிக்கு வாடகை. ரூபாய் இல்லை, வீட்டுக்கு ஒரு உருண்டை. யாரும் மறுக்கவில்லை, ஒரு உருண்டைதானே! சித்திரை முடிகிறபோது ஆயா வீட்டுப் பானை நிறைந்துவிடும். ஒரு கிலோ வெங்காயம் கூட வாங்காமல்! ஒவ்வொரு வீட்டுக் கைப்பக்குவமும் அந்தப் பானையில் இருக்கும், ஒரு நாள் பூண்டு தூக்கலாக, ஒரு நாள் வெந்தயம் தூக்கலாக. வாங்காத வெங்காயக் காசை என்ன செய்தார் என்றால், ஆர்.டி.யில் கட்டினார். அதையும் ஆறு மாதத்துக்கு முன்பணமாகக் கட்டுவார். அப்படி ஆறு தவணை சேர்த்து முன்னாடியே கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி உண்டு, பன்னிரண்டு தவணை கட்டினால் நாற்பது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆயாவுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது, தள்ளுபடி தெரியும்.

ஆர்.டி. என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம், அறுபது தவணை, ஐந்து வருஷம். கணக்கு மாதத்தின் முதல் பாதியில் தொடங்கியதாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16-க்கு மேல் தொடங்கியதாக இருந்தால் மாதக் கடைசி வேலை நாள் வரைக்கும் நேரம் உண்டு. பிந்தினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். ஒரு ரூபாய்தானே என்பார்கள். ஆயாவிடம் ஒரு உருண்டைதானே என்றவர்களும் இவர்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் என்னால் தெருவுக்குப் போக முடியவில்லை. எல்லோரும் கைப்பேசியில்தான் பேசிக்கொண்டோம். என் வாடிக்கைக்காரர்கள், அவர்களுடைய அக்கா தங்கைகள், அந்த அக்கா தங்கைகளின் சிநேகிதிகள் என்று வட்டம் பெரிதானது. குடியாத்தத்தில் ஒருவர், ஆற்காட்டில் ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவர், ஓசூரில் ஒருவர். சிலரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

ஓசூர்க்காரம்மா ஒரு நாள் புலம்பினார். பிறந்தது ஆம்பூர், கட்டிக்கொடுத்தது ஓசூர். வடகம் போட ஆசை. அங்கே வெயில் நம் வெயில் இல்லை, குளிர்ந்த ஊர், உருண்டை காய்வதற்குள் பூசணம் பூத்துவிடுகிறது, அடுக்குமாடி வீட்டில் மாடிச் சாவியும் கிடைக்காது. உடனே குடியாத்தத்துச் சிநேகிதி, "நீங்க பணத்த அனுப்புங்க, எங்க மாடியில நான் காய வெச்சுத் தரேன்" என்றார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணகிரிக்காரம்மா, "அப்ப எனக்கும் சேர்த்துப் போடுங்க, நான் புளி தரேன்" என்றார். அங்கே பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்திலிருந்து வடகம், மோர் மிளகாய், கத்தரி வத்தல் போகும். அவர்கள் பக்கத்திலிருந்து புளியும் ராகியும் வரும்.

கூரியரில் அனுப்பினால் மிச்சமெல்லாம் அதிலேயே போய்விடும். யார் ஊருக்குப் போகிறார்களோ அவர்கள் பையில்தான் போகும். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், யாராவது இல்லாமலா இருப்பார்கள், நம் ஊருக்கு? ஒரு ஊரில் இருப்பது இன்னொரு ஊருக்குப் போவது புதிதும் இல்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிதண்ணீர் போனதே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஜோலார்பேட்டை அப்போது நம் மாவட்டம். தண்ணி இல்லாத ஊர் என்று கேலி செய்யப்பட்ட நாம், மேட்டூரிலிருந்து வந்த காவிரித் தண்ணீரை, பட்டணத்துக்கு அனுப்பினோம்.

கத்தரி வத்தல் என்றேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் வரத்து குவிகிற வாரத்தில் விலை எங்கே போகும் என்று விவசாயியைக் கேட்டால்தான் தெரியும். அந்த வாரத்தில் வாங்குங்கள், நறுக்கி உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு மாடியில் போடுங்கள். வத்தக்குழம்புக்கு ஆயிற்று.

இரண்டாவது, புளி. இதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். ஜவ்வாது மலையிலிருந்தும் வரும். வருஷத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்க வேண்டும். ஓட்டோடு வாங்கினால் விலை குறைவு என்று ஏமாறக் கூடாது. ஓடு, நார், கொட்டை போகச் சதை பாதி கூடத் தேறாது. அதனால் விலையை இரண்டால் பெருக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் வைத்து, கொட்டை எடுத்த புளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே புளி தட்ட ஆள் இருந்தால் ஓட்டோடு வாங்குங்கள், தனியாக இருக்கிறவர்கள் கொட்டை எடுத்ததையே வாங்குங்கள். ஒரு நாள் வெயிலில் காட்டி, ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல் உப்பு என்று அமுக்கி வையுங்கள். ஈரக் கை மட்டும் ஆகாது. கொட்டையை எறியாதீர்கள், வாங்குகிறவர்கள் உண்டு. நூலுக்குக் கஞ்சி போட அந்த மாவு பயன்படும். நாரும் கோதும் பித்தளைக் குத்துவிளக்குத் தேய்க்க.

கரண்ட் பில்லுக்கு ஒரு நிமிஷம்தான் இருக்கிறதாம். தண்ணீருக்கு இல்லவே இல்லை, ஆடி ஆவணி மழையும் நமக்கு உண்டு, ஐப்பசி மழை வரைக்கும் காத்திருக்காமல், மழைத் தண்ணீரைப் பிடிக்க மாடியை இப்போதே கூட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

கரண்ட். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். நீங்கள் பார்க்க வேண்டிய கோடு 500. அதற்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரைக்கும் குறைந்த விலை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த நூறு யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும், இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும், ஒரே ஒரு யூனிட்டுக்கு! சித்திரை, வைகாசியில்தான் நம் ஊரில் இது நிறைய வீட்டில் நடக்கிறது. அதனால் ரீடிங் எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்பே நீங்களே மீட்டரைப் பாருங்கள். போன தடவை எண்ணைக் கழியுங்கள். 470, 480 என்று நின்றால் இஸ்திரியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், வெந்நீருக்கு ஹீட்டர் போடாதீர்கள், மாடித் தொட்டியே போதும். ஏ.சி. இருக்கிறவர்கள் அந்த ஒரு வாரம் எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். போன தடவை எண் எங்கே இருக்கும் என்று கேட்காதீர்கள், பழைய பில்லிலேயே இருக்கும். அதுவும் கடுகு டப்பாவுக்குக் கீழேதான் மடித்து வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

முடிக்கச் சொல்கிறார்கள். இந்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியவர்கள் அட்டையை எடுத்து வையுங்கள், வருகிறேன். வணக்கம்.