மாட்டுப்பண்ணைக்குப் போனா எதைப் பார்க்கணும், எதைக் கேட்கணும்?

வணக்கம்ங்க. நகரத்துல இருந்து மாட்டுப்பண்ணை பார்க்க வர்றவங்க முதல்ல கேட்கிறது, "ஒரு மாடு எத்தனை லிட்டர் கறக்கும்?" சொன்ன லிட்டரை 30-ஆல பெருக்கி, அதுதான் மாசாமாசம் வரும்னு நினைச்சுக்கிறாங்க. கணக்கு தப்பாகிறது அங்கதான்.

கன்னு போட்டாத்தாங்க பால். சினைக்காலமே சுமார் 280 நாள். கன்னு போட்டு ரெண்டு மாசத்துக்குள்ள கறவை உச்சத்துக்கு ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். அடுத்த ஈத்துக்கு, அதாவது அடுத்த கன்னு போடுறதுக்கு, 60 நாள் முன்னாடி பாலை வத்த விடணும். அந்த ஓய்வு மடிக்குக் கிடைக்கலைன்னா அடுத்த ஈத்துல கறவை குறைஞ்சிடும். பால் நின்னாலும் தீவனச் செலவு நிக்காது. சினை ஊசி போட்டும் சினை பிடிக்கலையா, மாடு அடுத்த சினைப்பருவத்துக்கு வர இன்னும் 21 நாள் காத்திருக்கணும்.

இன்னொண்ணு, "பால் கெட்டியா இருக்கா?" கெட்டியை மட்டும் வச்சு நல்ல பால்னு முடிவு பண்ணாதீங்க. புல், வைக்கோல் மாதிரி நார்த்தீவனம் குறைஞ்சு, புண்ணாக்கு, தானியம் மாதிரி அடர்தீவனம் கூடிப்போனா, ஒரு சொட்டுத் தண்ணி கலக்காமலே கொழுப்பு இறங்கிடும். ஒரே கறவையிலயும் முதல் பால் நீர்த்திருக்கும், கடைசிப் பால்தான் கொழுப்பு.

நீங்க பார்க்க வேண்டியது மடியை. காம்பைக் கழுவித் துடைச்சு, முதல் மூணு நாலு பீச்சைத் தனிக் கிண்ணத்துல எடுக்குறாங்களா? திரிதிரியா வந்தா மடிநோய். காம்பைத் தொட்டு ஒரு நிமிஷத்துக்குள்ள பால் சுரந்து இறங்கும், சில நிமிஷம்தான் நிக்கும். அதுக்குள்ள கறந்து முடிக்கணும். அதனாலதான் கறக்குற நேரத்துல பக்கத்துல நின்னு சத்தம் போடாதீங்க, போட்டோ எடுக்காதீங்கன்னு கெஞ்சிக் கேட்கிறேன். மாடு மிரண்டா பாலை அடக்கிடும், மிச்சப் பால் மடியிலயே தங்கிடும்.

கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில முக்கி, உடனே தீவனம் போடணும். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் மாடு தின்னுட்டே நிக்கணும், சாணியில படுத்தா கிருமி நேரா மடிக்குள்ள ஏறிடும்.

பால்காரர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி இதுதாங்க: "மருந்து போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் தள்ளி வைக்கிறீங்க?" மருந்து லேபிள்லயே அந்த நாள் கணக்கு இருக்கும். காய்ச்சினா ஆன்டிபயாட்டிக் போயிடும்னு நம்பாதீங்க. ஒரே ஒரு காம்புல மருந்து ஏத்தியிருந்தாலும் நாலு காம்புப் பாலையும் கேன்ல சேர்க்கக் கூடாது.