மீன் கணக்கும் கைத்தொலைபேசியும்

வணக்கம் நேயர்களே. கைத்தொலைபேசிச் செயலி எழுதும் பிள்ளைகள் இன்று திருகோணமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறவர்கள், வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை செய்கிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பதிவுகள் கூடக் கூட ஆப் இழுக்குது, என்ன செய்யலாம் சேர்?" தரவு பெருத்துவிட்டதுதான் காரணம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த அளவில், அளவினால் மட்டும் கெட்டுப்போன செயலி அபூர்வம். ஒரு தரவுக்கும் இன்னொரு தரவுக்கும் உள்ள உறவைச் சரியாக எழுதி வைக்காததுதான் பெரும்பாலும் வினை.

கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு மீன் கணக்குச் செயலி செய்கிறீர்கள் என்று வைப்போம். படகு இருக்கிறது. படகுக்குச் சம்மாட்டி, அதாவது சொந்தக்காரர் இருக்கிறார். படகு கடலுக்குப் போய் வரும் ஒவ்வொரு பயணமும் ஒரு பதிவு. அதில் பிடிபட்ட மீன், நிறை, விலை, வாங்கிய வியாபாரி, கொடுத்த காசு, நிலுவை எல்லாம் அந்தப் பயணத்தோடு சேர்ந்தவை. முதன்முதலாக எழுதுகிறவர் இவ்வளவையும் ஒரே அட்டவணையில் ஒரே வரியாகப் போட்டுவிடுவார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் சம்மாட்டி தொலைபேசி இலக்கத்தை மாற்றுவார். அவர் பெயர் வரும் எல்லா வரிகளையும் தேடித் திருத்த வேண்டும், சில வரிகள் தப்பிவிடும். ஒருவர் அறக்குளா என்று தட்டுவார், இன்னொருவர் அறுக்குளா என்று தட்டுவார். மாத முடிவில் ஒரே மீன் இரண்டு மீனாக நிற்கும்.

இதற்கான மருந்தை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கோட் 1970இலேயே எழுதிவிட்டார். படகுக்கு ஓர் அட்டவணை, சம்மாட்டிக்கு ஒன்று, மீன் வகைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று. ஒரு விவரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அதன் அடையாள எண் இருந்தால் போதும். அப்போது சம்மாட்டியின் இலக்கம் மாறினால் ஒரு வரியைத்தான் தொட வேண்டும்.

நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இந்த வேலையைச் செய்வது எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம். துறைமுக ஊர்க்காரர்களுக்கு அதன் பிறப்பு பிடிக்கும். அமெரிக்கக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்காக, அடிபட்டால் சேதத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார் ரிச்சர்ட் ஹிப். தரவை வைத்திருந்து கேட்கும்போது கொடுக்கும் தனிக் கணினி, அதாவது சேவையகம், நின்றுபோனாலும் மென்பொருளுக்குத் தரவு கிடைக்க வேண்டும் என்பதே அவர் தேவை. 2000ஆம் ஆண்டு எஸ்கியூலைட் வெளிவந்தது. சிக்னல் இல்லாத ஆழ்கடலில் நம்முடைய செயலிக்கும் அதே தேவைதான்.

ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இல்லாத படகின் பெயரில் ஒரு பயணத்தைப் பதிய முயன்றால் தடுக்க வேண்டிய காவல், அதாவது அந்நியத் திறவுகோல் சோதனை, எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைந்தே இருக்கும். 2009இல்தான் அந்த வசதி வந்தது. பழைய செயலிகள் குழம்பக் கூடாதென்று அணைத்தே வைத்தார்கள். தரவுத்தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நாம்தான் அதை இயக்க வேண்டும். எஸ்கியூலைட்டைக் கையாள உதவும் ஆண்ட்ராய்டின் ரூம் என்ற நிரல் நூலகத்தில் உறவை அறிவித்துவிட்டால் அதுவே இயக்கிக்கொள்ளும். நேரடியாக எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டால் படகு அழிந்த பிறகும் அதன் பயணங்கள் அநாதையாக உள்ளே கிடக்கும், கூட்டுத்தொகை ஒத்துவராது, எங்கே பிழை என்றும் தெரியாது. இன்னொன்று: ஒன்றை அழித்தால் அதைச் சார்ந்தவை எல்லாம் தானாக அழியும் கேஸ்கேட் ஏற்பாட்டைக் காசுக் கணக்கு உள்ள இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். நிலுவை இருக்கும் வியாபாரியை அழிக்கப் போனால் செயலி மறுக்க வேண்டும்.

சரி, வேகத்துக்கு வருவோம். இருநூறு பயணங்களின் பட்டியலைத் தரவுத்தளத்திடம் ஒரு கேள்வியில் கேட்டு எடுத்துவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் படகின் பெயரைத் தனித்தனியாகக் கேட்டால் இருநூற்றொரு கேள்வி ஆகிவிடும். இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் ஜாயின் போட்டு ஒரே கேள்வியில் எடுங்கள். திரையில் பத்துப் பதினைந்து வரிகள்தான் தெரியும், ஆகவே பக்கம் பக்கமாக எடுத்தால் போதும். பயண அட்டவணையில் படகு எண் இருக்கும் நெடுவரிசைக்கு, விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் போடுங்கள், எஸ்கியூலைட் அதைத் தானாகப் போடாது. ஆயிரம் பதிவுகளைச் சேர்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது மொத்தமாக ஒரே தடவையில் எழுதி முடியும் ஒரு தொகுப்புக்குள், அடக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவும் சேமிப்பகத்தில் எழுதி முடியும்வரை காத்திருக்கும். மீனின் படத்தைக் கோப்பாக வைத்து, அட்டவணையில் அது இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் கடினம், பல கைத்தொலைபேசிகளின் தரவை ஒன்றுசேர்ப்பது. இரண்டு பேர் சிக்னல் இல்லாத இடத்தில் பதிகிறார்கள், இரண்டிலும் பயண எண் 101 என்று விழுகிறது. கரைக்கு வந்து சேர்த்ததும் ஒருவருடைய மீன் மற்றவர் பயணத்தில் ஏறிவிடும். உழைத்தவன் காசு அடுத்தவன் கணக்குக்குப் போகிற விஷயம் இது. அதனால் எண்ணை வரிசையாகக் கொடுக்காமல், யூயூஐடி எனப்படும், இன்னொன்றோடு மோதாத அளவுக்கு நீளமான 128 பிட் அடையாளத்தை அந்தந்தக் கைத்தொலைபேசியே உருவாக்கட்டும். அனுப்பும்போது முதலில் படகு, பிறகு பயணம், அதற்குப் பிறகு மீன் என்ற ஒழுங்கு தவறக் கூடாது. நீக்கிய பதிவை உடனே அழித்தால் அடுத்த கைத்தொலைபேசி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும், ஆகவே நீக்கப்பட்டது என்று குறித்து வையுங்கள். ஒரே நிறையை இருவர் இரண்டு விதமாகத் திருத்தியிருந்தால் எது செல்லும் என்பதைச் சங்கத்து ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள். அது செயலி எழுதுகிறவர் தனியாக முடிவெடுக்கும் காரியமல்ல.

செயலியை ஆட்கள் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு லட்சம் போலிப் பதிவுகளை நிரப்பி, விலை குறைந்த ஒரு பழைய கைத்தொலைபேசியில் ஓட்டிப் பாருங்கள். சென்ற வருடப் பதிப்பின் தரவுத்தளத்தையும் வைத்துக்கொண்டு, புதிய பதிப்பு அதைச் சேதமில்லாமல் திறக்கிறதா என்றும் பாருங்கள். வணக்கம்.