அக்டோபரில் எழுதப்பட்ட மே மாதம்

நண்பர்களே, வணக்கம். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீகைப் பற்றிப் பேச நிறைய ஆள் இருக்கிறார்கள். நான் அதற்கு ஒரு படி கீழே இருக்கும் சாம்பியன்ஷிப்பின் 2023-24 சீசனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 24 அணிகள், அணிக்கு 46 ஆட்டம். முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். அந்த சீசனில் மூன்றிலிருந்து ஆறாவது வரை வந்த அணிகள் பிளே-ஆஃப் என்ற நாக்-அவுட் ஆட்டங்களை ஆடின, அதில் வெல்லும் ஒன்றும் மேலே போகும். கடைசி மூன்றும் கீழே, மூன்றாம் நிலை லீகுக்கு இறங்கும்.

அந்த சீசனில் லெஸ்டர் 97 புள்ளியோடு முதலிடம். ஒரே புள்ளி பின்னால் இப்ஸ்விச். முந்தைய சீசனில் மூன்றாம் நிலையில் ஆடிய அணி அது! கீரன் மெக்கென்னாவின் பயிற்சியில் 92 கோல் அடித்து, 22 ஆண்டுகளுக்குப் பிறகு பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. மூன்றாவதாக வந்த லீட்ஸ் 90 புள்ளி எடுத்தும் மேலே போகவில்லை. பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் அதை 1-0 என வென்ற சவுத்தாம்ப்டன் எடுத்திருந்தது 87தான். இது அநியாயம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஏப்ரல் வரை நடு வரிசை அணிகளுக்கும் நம்பிக்கை இருப்பது இந்த பிளே-ஆஃபால்தான்.

சரி, என் மனதை விட்டு இன்றும் அகலாதது பட்டியலின் அடிப்பக்கம். 2023 அக்டோபர் தொடக்கத்தில் பர்மிங்காம் சிட்டி ஆறாவது இடத்தில் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தது. அந்த நேரத்தில், அக்டோபர் 9 அன்று, பயிற்சியாளர் ஜான் யூஸ்டஸை நிர்வாகம் நீக்கியது. கிளப் அப்போதுதான் புதிய உரிமையாளர்கள் கைக்கு வந்திருந்தது. பெரிய பெயர் வேண்டும் என்று இங்கிலாந்தின் முன்னாள் நட்சத்திர வீரர் வெய்ன் ரூனியைக் கொண்டுவந்தார்கள். 15 ஆட்டம், இரண்டே வெற்றி. ஜனவரி 2 அன்று அவரும் போனார். அணி 20வது இடத்தில் கிடந்தது.

அதே அக்டோபரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயும் பயிற்சியாளரை மாற்றியது. 11 ஆட்டத்தில் மூன்றே புள்ளி எடுத்திருந்த அணி. வந்தவர் டேனி ரோல், வயது 34. ஒரு அணியின் தலைமைப் பயிற்சியாளராக அவருக்கு அதுதான் முதல் வேலை. அதனால்தான், பயிற்சியாளரை மாற்றவே கூடாது என்று நான் பொதுவாகச் சொல்ல மாட்டேன். ஒரு கிளப் உடைந்ததைச் சரிசெய்தது. இன்னொன்று ஓடிக்கொண்டிருந்த வண்டியின் அச்சாணியைப் பிடுங்கியது. இரண்டும் ஒரே வாரத்தில். ஆனால் 46 ஆட்டம் கொண்ட சீசனில் அக்டோபரில் செய்த தவற்றுக்கான கணக்கு உடனே வராது. டிசம்பரில் கொஞ்சம் தெரியும், பிப்ரவரியில் வலிக்கும்.

முழுக் கணக்கும் வந்த நாள் 2024 மே 4. கடைசி ஆட்டத்தில் பர்மிங்காம் தன் சொந்த மைதானத்தில் நார்விச்சை 1-0 என வென்றது. அதற்கு மேல் அந்த வீரர்களால் அன்று என்ன செய்ய முடியும்? ஆனால் வெட்னஸ்டே சண்டர்லாந்தை 2-0 என வென்று 53 புள்ளியோடு தப்பித்தது. பிளைமவுத் ஹல் அணியை வென்று 51ஐத் தொட்டது. பர்மிங்காமிடம் இருந்தது 50. 1995க்குப் பிறகு முதல் முறையாக மூன்றாம் நிலைக்கு இறங்கியது அந்தக் கிளப், வென்ற நாளிலேயே.