"இது கேன்சர் வரவைக்குமா?" சரி, எவ்வளவு?

வணக்கம். இன்றைக்குப் பின்னணி இசை, படங்கள் எதுவும் கிடையாது, நேராக உட்கார்ந்து பேசப்போகிறேன். இந்த விஷயத்தை ஆளாளுக்கு அரை நிமிட வீடியோவாக வெட்டிப் போட்டதில்தான் பாதிக் குழப்பம் வந்தது என்பது என் எண்ணம். எனக்கு வருகிற கேள்விகளில் ஒன்று மட்டும் ஓயவே ஓயாது: "இது கேன்சர் வரவைக்குமா?" அந்த "இது" மட்டும் வாரா வாரம் மாறும். செயற்கை இனிப்பு, மைக்ரோவேவ், காபி, பிளாஸ்டிக் டப்பா, சர்க்கரை, பால். "எவ்வளவு கூடும்?" என்று கேட்கிறவர் அபூர்வம். எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம், இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை, ஆய்வுகளைப் படித்துவிட்டுப் பேசுகிற ஆள், அவ்வளவுதான்.

2015 அக்டோபரில் ஆரம்பிப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஐஏஆர்சி என்று ஒரு புற்றுநோய் ஆய்வு முகமை இருக்கிறது, பிரான்ஸில் லியோன் நகரத்தில். அவர்கள் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கூட்டி, பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாசேஜ், பேக்கன், ஹாம் மாதிரியானவற்றை, முதல் பிரிவில் போட்டார்கள். முதல் பிரிவு என்றால் "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது". அதே பிரிவில்தான் சிகரெட்டும் இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிறது. மறுநாள் உலகம் முழுக்கத் தலைப்பு என்ன? "சாசேஜும் சிகரெட்டும் ஒன்றே." அங்கேதான் கதை கெட்டது. அந்தப் பிரிவுகள் சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை மட்டும்தான். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அவை சொல்வதே இல்லை.

அப்படியானால் ஆபத்து எவ்வளவு? அவர்கள் கணக்குப்படி தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும். கேட்டதும் நூறில் பதினெட்டுப் பேருக்கு வந்துவிடும் போலத் தோன்றும், இல்லையா? அப்படி இல்லை. பணக்கார நாடுகளில் வாழ்நாளில் இந்தப் புற்றுநோய் வருவது நூறு பேரில் தோராயமாக 5 பேருக்கு. அந்த ஐந்தில் 18 சதவீதம் கூடினால் ஏறக்குறைய 6 பேர். ஐந்து ஆறாகிறது. ஒரு ஆளுக்கு அது சின்ன வித்தியாசம். கோடிக்கணக்கான பேர் தினமும் சாப்பிடுகிற நாட்டுக்கு அது பெரிய வித்தியாசம். இரண்டுமே உண்மை. நீங்கள் எப்போதாவது ஒரு துண்டு சாப்பிட்டதற்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை, தினமும் காலையில் அதுவேதான் என்றால் குறைப்பது நல்லது. என் தீர்ப்பு இவ்வளவுதான்.

இந்த அளவு விஷயத்தை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால், அப்போது உலக சுகாதார நிறுவனமே எடுத்துக்காட்டிய ஒரு கணக்கு இருக்கிறது. உலகத்தில் ஒரு வருடத்தில் பதப்படுத்திய இறைச்சியால் நேரும் புற்றுநோய் மரணங்கள் சுமார் 34,000. மதுவால் சுமார் 6 லட்சம். புகையிலையால் சுமார் 10 லட்சம். ஆனால் பயம் எதற்கு அதிகம் என்று பாருங்கள். செயற்கை இனிப்புக்கு! 2023 ஜூலையில் ஐஏஆர்சி, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை 2பி பிரிவில் போட்டது, அது "புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு" என்கிற பிரிவு, கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அதே நாளில் இன்னொரு குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் எடுக்கலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. 70 கிலோ ஆள் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும். அந்த இரண்டாவது செய்தியை யாரும் உங்களுக்கு ஃபார்வர்ட் செய்திருக்க மாட்டார்கள். ஒரு கையில் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அஸ்பார்டேம் எச்சரிக்கையை ஃபார்வர்ட் செய்கிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

புகையிலை பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று தாண்டிப் போய்விடுவார்கள், நான் கொஞ்சம் நிற்கிறேன். ரிச்சர்ட் டால் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், பிராட்ஃபோர்ட் ஹில் என்பவரோடு சேர்ந்து 1950-இல் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். தன் ஆய்வின் முடிவைப் பார்த்துவிட்டுத் தானே சிகரெட்டை விட்டவர் அவர். 1951-இல் பிரிட்டிஷ் டாக்டர்களிடமே "நீங்கள் புகைப்பீர்களா" என்று கேட்டுக் கேள்வித்தாள் அனுப்பி, 34,000-க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்தார்கள். 2004-இல் அந்த ஐம்பது வருட முடிவு வந்தபோது டாலுக்கு வயது 91. முடிவு என்ன தெரியுமா? தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். ஆனால் 60 வயதில் விட்டவர்களுக்கு மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, 50-இல் விட்டவர்களுக்கு ஆறு, 40-இல் ஒன்பது, 30-இல் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுசாகப் பத்தும். "இத்தனை வருடம் புகைத்தாகிவிட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்பவர்களுக்கு அந்த எண்கள்தான் பதில், நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, இது நுரையீரலோடு நிற்பதில்லை. புகையில் இருக்கிற ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் போய்த் தேங்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம் வருவது அதனால்தான்.

மதுவில் ஆட்களுக்கு ஒரு தனிப் பிரியம் இருக்கிறது, அதில் மட்டும் நல்ல செய்தி வராதா என்று தேடுவார்கள். சிவப்பு ஒயின் நல்லது, பீர் பரவாயில்லை, இப்படி. உடம்புக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, எல்லாமே எத்தனால். அதை உடைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற பொருள் உண்டாகிறது, அது டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். மது 1988-இலேயே முதல் பிரிவுக்குப் போய்விட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று நீள்கிறது பட்டியல். மார்பகப் புற்றுநோயில் தினமும் 10 கிராம் எத்தனால் கூடக்கூட அபாயம் சுமார் 7 சதவீதம் ஏறுகிறது, குறைவாகக் குடித்தால் ஒன்றும் இல்லை என்று கோடு போட முடியவில்லை. சிகரெட்டும் மதுவும் சேர்ந்தால் வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் வரும் ஆபத்து வெறும் கூட்டலாக இருக்காது, அதைவிட அதிகமாக ஏறும்.

அப்புறம் எடை. இதைப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன், ஏனென்றால் எடையைச் சொல்லி ஆட்களை அவமானப்படுத்துவது ஏற்கெனவே தாராளமாக நடக்கிறது. ஐஏஆர்சி 2016-இல் அதிக உடல் கொழுப்போடு தொடர்புள்ள 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியல் போட்டது. கொழுப்புத் திசு சும்மா உட்கார்ந்திருக்கும் சேமிப்பு இல்லை, அது ஹார்மோன் சுரக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது, அது கருப்பை உட்சுவரையும் மார்பகத்தையும் தூண்டிக்கொண்டே இருக்கும். அதோடு இன்சுலின் கூடுகிறது, விட்டுவிட்டு இல்லாமல் நிரந்தரமாகவே ஒரு மெல்லிய அழற்சி இருந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. "சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய்ச் செல் பட்டினியில் செத்துவிடும்" என்பது நடக்காத காரியம்; நல்ல செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன, நீங்கள் சர்க்கரையே தொடாவிட்டாலும் கல்லீரல் அதைத் தயாரித்துவிடும். ஆனால் இனிப்புப் பானங்களைக் குடித்துக் குடித்து எடை ஏறினால், அந்த எடை வழியாக ஆபத்து வரும். ரத்தத்தைக் காரத்தன்மை ஆக்கும் டயட் என்று விற்கிறார்களே, அதற்கு ஒரே வரிதான்: ரத்தத்தின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, நீங்கள் சாப்பிடுகிற சாப்பாடு அதை அசைக்காது.

சத்து மாத்திரை விற்கிறவர்களுக்குப் பிடிக்காத பகுதி இனிமேல் வருகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, அப்படியானால் அதில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அதிகம், குறைவு இல்லை. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையிலும் அதேபோல் 28 சதவீதம் கூடியதால் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு வைட்டமின் ஈ. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள், அது 17 சதவீதம் கூட்டியதாக 2011-இல் தெரிந்தது. ஒரு உணவில் நூற்றுக்கணக்கான பொருட்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, அதை நிறையச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புகைப்பதும் குறைவு, நடப்பதும் அதிகம். அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிய்த்து எடுத்து உருட்டி மாத்திரையாக்கினால் அதே பலன் வரும் என்பது வெறும் நம்பிக்கை. டாக்டர் குறைபாடு இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு.

நார்ச்சத்துக்கு மட்டும் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன். தினமும் 10 கிராம் நார்ச்சத்து கூடினால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. குடலில் இருக்கிற பாக்டீரியாக்கள் அதைச் சாப்பிட்டு பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தயாரிக்கின்றன, குடல் சுவர்ச் செல்களுக்கு முக்கிய உணவே அதுதான். முழுத் தானியம், பருப்பு, காய்கறி, பழம், இவை போதும். இதில் பரபரப்பு எதுவும் இல்லாததால்தான் யாரும் இதைப் பற்றி வீடியோ போடுவதில்லை. இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் இதே சாப்பாடுதான் நல்லது, கேன்சருக்கு என்று தனி டயட் எதையும் தேட வேண்டாம்.

இவ்வளவையும் சரியாகச் செய்தால் வராதா? வரலாம். நம் செல்கள் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ.வை முழுசாகப் பெயர்த்து எழுத வேண்டும், "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்கிற மாதிரி ஒவ்வொரு முறையும் சில பிழைகள் புகுந்துவிடும். பெரும்பாலானவற்றை உடம்பே திருத்திவிடுகிறது, சில தங்கிவிடுகின்றன. எதுவுமே தவறாகச் செய்யாதவருக்கும், ஏன், குழந்தைகளுக்கும் புற்றுநோய் வருவதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதற்காக எல்லாமே விதி, எல்லாமே மரபணு என்றும் சொல்ல முடியாது. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்களிடம், ஒன்றிரண்டு தலைமுறைக்குள் இரைப்பைப் புற்றுநோய் குறைந்து பெருங்குடல் புற்றுநோய் கூடிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் மரபணு மாறாது, வாழ்க்கை முறைதான் மாறியது. உலக சுகாதார நிறுவனம் 30 முதல் 50 சதவீதப் புற்றுநோய்களைத் தடுக்க முடியும் என்கிறது. அதிலும் சாப்பாடு மட்டும் இல்லை, கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசியும், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸுக்கான தடுப்பூசியும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு. மிச்சம் இருக்கிற பாதியோ அதற்கு மேலோ யார் கையிலும் இல்லை. ஆகவே தயவுசெய்து, நோய் வந்து படுத்திருக்கிறவரிடம் போய் "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று விசாரணை நடத்தாதீர்கள். எனக்கு இதைவிடக் கோபம் வருகிற விஷயம் வேறு இல்லை.

அப்படிப் படுத்து எழுந்தவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2025-இல் ஒரு சோதனையின் முடிவு வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி, இன்னொரு பாதிக்கு ஆரோக்கியம் பற்றிய கையேடு மட்டும். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், இரண்டாவதில் 74. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90 சதவீதம், 83 சதவீதம். அந்தப் பயிற்சி பெரும்பாலானவர்களுக்கு வேகமான நடைதான். சிகிச்சைக்குப் பதிலாக இல்லை, சிகிச்சை முடிந்த பிறகு, இதை அழுத்திச் சொல்கிறேன், யாராவது வெட்டி எடுத்து "நடந்தால் கேன்சர் குணமாகும்" என்று போட்டுவிடுவார்கள். இன்னும் நோய் வராத நமக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஸ்க்ரீனிங் பற்றி இன்றைக்குப் பேசவில்லை, எந்தப் புற்றுநோய்க்கு எந்த வயதில் எந்தச் சோதனை என்று அதற்கு ஒரு முழு வீடியோ வேண்டும், அடுத்தது அதுதான். அதுவரைக்கும் மலத்தில் ரத்தம், புதிதாக ஒரு கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணம் இல்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் அந்த வீடியோவுக்காகக் காத்திருக்காதீர்கள், போய்க் காட்டிவிடுங்கள். பார்க்கலாம்.