வாசல் இல்லாத கோயில்

நடுவர் அவர்களே! ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரிய சமயத்தவரான பார்சிகளின் அடையாளத்தைக் காப்பது அகியாரி என்னும் நெருப்புக் கோயிலில் எரியும் தீயா, வீட்டில் தொங்கும் நாள்காட்டியா? எதிரணித் தோழி தீயை நன்றாகவே மூட்டிவிட்டுப் போயிருக்கிறார். 1742 முதல் குஜராத்தின் உத்வாடாவில் இருக்கும் ஈரான்ஷா என்னும் புனித நெருப்பைக் கும்பிட எனக்கும் ஆசைதான். பார்சி அல்லாத என்னை உள்ளே விடமாட்டார்களே!

அந்த நெருப்பு உத்வாடாவை விட்டு நகராது. பார்சியோ மும்பை, கராச்சி, டொரண்டோ என்று போய்விட்டார். கூடவே போனது எது? தேதிதான். அவர்கள் மாதத்தின் முப்பது நாளுக்கும் தனித்தனிப் பெயர், தெய்வப் பெயர். மாதங்களுக்கும் அதே பட்டியலிலிருந்துதான் பெயர். இரண்டும் ஒன்றாக வந்தால் திருநாள். தண்ணீருக்குரிய ஆவா மாதம் ஆவா நாளில் மும்பைக்காரர்கள் கடலைக் கும்பிடப் போவார்கள். தீக்குரிய ஆதர் மாதம் ஆதர் நாளில் அடுப்பைத் துடைத்து, சமையலறைச் சுவரில் மஞ்சள் குங்குமத்தால் தீக்கிண்ணமும் இடுக்கியும் வரைவார்கள். தோழி, உங்கள் தீயை அடுப்படிக்குக் கூட்டிவந்ததே எங்கள் நாள்காட்டிதான்!

'ஷாஹென்ஷாஹி, கத்மி, ஃபஸ்லி என்று மூன்று நாள்காட்டி, மூன்று புத்தாண்டு, இதுவா ஒற்றுமை?' என்று தோழி கேட்டார். நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். லீப் நாள் சேர்க்காததால் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஹென்ஷாஹியின் புத்தாண்டு நழுவி நழுவி ஆகஸ்டுக்கு வந்துவிட்டது. கத்மிக்காரர்களுக்கு ஜூலையில், ஃபஸ்லிக்கு மார்ச் 21. கத்மிப் பிரிவு 1745இல் சூரத்தில் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 57,264 பேரே இருந்த கூட்டம், இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு தேதிக்கு மல்லுக்கட்டுகிறது. வேண்டாத சொத்துக்கு யாராவது வழக்குப் போடுவார்களா, ஐயா?

ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். பாரசீகத்தை ஆண்ட சாசானிய வம்சத்தின் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகர்த் 632இல் அரியணை ஏறினார். புது மன்னர் வந்தால் புதுக் கணக்கு தொடங்குவது வழக்கம். 651இல் அவர் கொல்லப்பட்டார். நாடு போனது, அடுத்த மன்னர் வரவே இல்லை. அதனால் அவர் கணக்கு இன்றுவரை ஓடுகிறது. இல்லாத அரசுக்கு ஆண்டு எண்ணும் பிடிவாதம் அது!

சமயத்துக்கு வெளியே மணந்த பெண்ணுக்குப் பல அகியாரிகளின் கதவு திறக்காது. எதிரணி இதைச் சொல்லவில்லை. மறைந்தோருக்கான முக்தாத் நாள்களில் அவள் தன் வீட்டில் வெள்ளிக் குவளையில் பூ வைக்கிறாள். அப்பா இறந்த நாளும் மாதமும் வரும்போது விளக்கேற்றுகிறாள். அந்த வாசலில் யார் போய்க் காவல் நிற்பது?